அருகிவரும் கோழியினம்: நல்ல ஜோடி தேடுவது எப்படி

விற்பனைக்கு என்று படம் போட்டு வரும் பறவைகளை நான் அநேகமாக வாங்குவதில்லை. அருகிப்போன இனத்தை உண்மையாகக் காப்பாற்றி வைத்திருப்பவர்களிடம் மிஞ்சுவதே நாலைந்து உருப்படிதான். அவர்களுக்கு விளம்பரம் எதற்கு? ஆள் பிடித்து ஆள் பிடித்துத்தான் அவர்களிடம் போய்ச் சேர வேண்டும். கண்காட்சி நடுவர், பழைய வளர்ப்பாளர், கோழிக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் என்று யாரைப் பார்த்தாலும் "உங்களிடம் இருக்கிறதா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "நீங்கள் யாரிடம் வாங்கினீர்கள்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விதான் வேலை செய்யும். மூன்று பேர் விற்பார்கள். விசாரித்தால் மூன்று சேவலும் ஒரே கொட்டகையில் பொரித்ததாக இருக்கும். அது மூன்று லைன் (தனி வம்சாவளி) இல்லை, ஒன்றுதான்.

லைனைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. 1 சேவலுக்கு 10 பெட்டை விட்டால், எண்ணிக்கை 11 ஆனாலும் மரபணுக் கணக்கில் அது 3.6 பறவைக்குத்தான் சமம். ஒரு தலைமுறையிலேயே உள்ளினச் சேர்க்கை, அதாவது நெருங்கிய ரத்த உறவுக்குள் சேர்வது, சுமார் 14 சதவீதம் ஏறிவிடும். அதே 10 பெட்டைக்கு 4 சேவல் வைத்தால் அந்த 3.6 என்பது 11.4 ஆகும், ஏற்றம் நாலரை சதவீதத்துக்குள் அடங்கும். எனவே பெட்டையைவிட, உறவில்லாத சேவல்களைத் தேடுவதில்தான் அலைச்சலைச் செலவழிக்க வேண்டும். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நேரில் போனால் பரிசு வாங்கிய சேவலை மட்டும் காட்டுவார்கள். மொத்தக் கூட்டத்தையும் காட்டச் சொல்லுங்கள், முக்கியமாகக் கிழடுகளை. மூன்றாம் வருஷத்திலும் முட்டையிடும் பெட்டை ஒன்று நின்றால், என் கண் அதன் மகன்மேல்தான் போகும். பறவையைக் கையில் தூக்கிப் பாருங்கள். மார்பெலும்பு நேராக இருக்கிறதா, காலில் செதில் தூக்கிச் சொரசொரப்பாக நிற்கிறதா, ஆசனவாயைச் சுற்றி எச்சம் ஒட்டியிருக்கிறதா, இறக்கைக்கடியில் பேன் ஓடுகிறதா? அதன் முகத்தை உங்கள் மூக்கருகே கொண்டுவந்து மோந்து பாருங்கள். கண்ணோரம் நுரையோ மூக்கில் நாற்றமோ இருந்தால் எவ்வளவு அபூர்வமானாலும் வேண்டாம். சளி நோயிலிருந்து தேறிய கோழி பார்க்க நன்றாக இருந்துகொண்டே கிருமியைப் பரப்பும்.

நிறத்திலும் கொண்டையிலும் சின்னக் குறை கண்டதும் "கலப்பு" என்று ஒதுக்கிவிடக் கூடாது. வயன்டாட் என்ற கோழியினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ரோஜாக் கொண்டை (தட்டையாக, மேலே சிறு முள்முள்ளாக இருப்பது) இருக்க வேண்டும். ஆனால் சுத்தமான லைனிலும் இடையிடையே ஒற்றைக் கொண்டைக் குஞ்சு வரும், ஏனென்றால் அந்தக் குணம் ஒளிந்திருக்கும். ரோஜாக் கொண்டை மரபணு தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்த சேவலுக்குக் கருப்பிடிக்க வைக்கும் திறன் குறைவு. அதனால் அந்த ஒற்றைக் கொண்டைக்காரனை நான் கழிக்க மாட்டேன். கால் நிறம், விரல் எண்ணிக்கை, உடல் வாகு எல்லாம் சேர்ந்து மாறியிருந்தால்தான் சந்தேகப்படுவேன்.

பறவை கிடைக்காத இடத்தில் அடைமுட்டை கேளுங்கள். ஆனால் முட்டையோடு நோய் வராது என்று நம்பாதீர்கள். புல்லோரம், மைக்கோபிளாஸ்மா போன்ற கிருமி நோய்கள் தாயிடமிருந்து முட்டை வழியாகவே வரும். அந்தக் கூட்டத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பயணப்பட்டு வந்த முட்டையைக் கூர்முனை கீழாக ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டு அடை வையுங்கள்.

வளர்ந்த பெட்டையாக வாங்கினால் முந்தைய சேவலின் விந்து அதன் உடம்பிலேயே தங்கியிருக்கும். மூன்று வாரம் கழித்தும் கருவுள்ள முட்டை வரலாம். 30 நாள் எப்படியும் தனிக் கொட்டகையில் வைத்திருக்கப் போகிறீர்கள், அதற்குள் இதுவும் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு எடுக்கும் முட்டைதான் உங்கள் சேவலின் கணக்கு.

விலை பேசும்போதே இன்னொன்றையும் பேசிவிடுங்கள்: முதல் பொரிப்பில் ஒரு நல்ல சேவலைத் திருப்பித் தருகிறேன் என்று. பாதிப் பேர் அதற்காகவே இதுவரை காட்டாத பெட்டையைக் கூட்டிலிருந்து எடுத்து வருவார்கள். நாளைக்கு உங்கள் கொட்டகையில் நோய் விழுந்தாலும் அந்த லைன் விற்றவரிடம் இருக்கும். குஞ்சு பொரித்த அன்றே காலில் வளையம் மாட்டி, தாய் தகப்பன் எண்ணை நோட்டில் ஏற்றுங்கள். அவருக்கும் ஒரு நகல் கொடுங்கள்.