நடுவர் ஷூவுக்குப் பாலிஷ் போடும்போது செய்யக்கூடாத சில வேலைகள்

ரெஃப்ரி, அம்பயர் என்று மைதானத்தில் இறங்குகிறவர்களின் கறுப்புத் தோல் ஷூ பளிச்சென்று இருக்க வேண்டும், சரி. ஆனால் பலரும் அதை அணிவகுப்பில் நிற்கிறவர் ஷூவை மினுக்குகிற முறையிலேயே மினுக்கப் பார்க்கிறார்கள். நடுவரின் ஷூ ஆட்டம் முழுக்க ஓடுகிறது, சட்டென்று திரும்புகிறது, விரல் மூட்டருகே மடங்கிக்கொண்டே இருக்கிறது, போதாக்குறைக்கு உள்ளே வியர்வையில் ஊறுகிறது. கெடுவதெல்லாம் இதை மறப்பதால்தான்.

அழுக்கின் மேலேயே பாலிஷ் தடவுவதுதான் அதிகம் பேர் செய்கிற தவறு. ஒட்டியிருக்கிற மண் துகள் உப்புத்தாள் மாதிரி தோலைக் கீறும், அந்தக் கீறலைப் பிறகு எந்தப் பாலிஷும் முழுசாக மறைக்காது. சேறாக இருந்தால் காயவிட்டுப் பிரஷால் தட்டி உதிர்த்துவிட்டு, ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். லேஸைக் கழற்றாமல் துடைத்தால் நாக்குப் பகுதியில் அழுக்கு அப்படியே தங்கிவிடும். சோலும் தோலும் சேருகிற தையல் இடுக்குக்கு ஒரு பழைய டூத் பிரஷ் போதும். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு என்றால் கூடுதல் கவனம் தேவை. சுண்ணாம்பு காரம், ஈரம் பட்டால் தோலைப் பதம் பார்க்கும், அதனால் முதலில் உலர்ந்த பிரஷ், துணியெல்லாம் அப்புறம்தான். வியர்வை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தால் ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து லேசாகத் துடைத்தால் போய்விடும். பாத்திரம் கழுவுகிற சோப்பும் சமையல் எண்ணெயும் ஷூ பக்கமே வர வேண்டாம்.

மழையில் நனைந்த ஷூவை வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைப்பது, ஹேர் டிரையர் பிடிப்பது, இதெல்லாம் தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசையை வாங்கிவிடும், மடிகிற இடத்தில் வெடிப்பு விழும், சோல் பசையும் விட்டுப்போகலாம். உள்ளே இருக்கிற இன்சோலை உருவிவிட்டு வெள்ளைக் காகிதத்தைத் திணித்து, ஈரமானதும் மாற்றி, நிழலில் காற்றாட ஒரு நாள் விட்டுவிடுங்கள். அடுத்தடுத்த நாள் ஆட்டம் இருக்கிறவர் இரண்டு ஜோடி வைத்துக்கொள்வதுதான் வழி.

அடுத்தது, பஞ்சு வைத்த பாட்டிலில் வருகிற உடனடிப் பளபளப்பு. அவசரத்துக்கு ஒரு முறை, பரவாயில்லை. வாரா வாரம் பூசினால் தோலின் மேல் ஒரு படலம் ஏறிக்கொண்டே போகும், நாலு எட்டு ஓடியதும் மடிப்பில் அது கோடு கோடாக விரிசல் விட்டுச் செதிலாக உரியும். மெழுகு பாலிஷைத் தடிமனாக அப்பினாலும் இதே கதிதான். ஷூ முழுக்க கிரீம் பாலிஷை மெல்லிசாகத் தடவி, பத்து நிமிடம் விட்டு, குதிரைமுடி பிரஷால் தேய்த்தாலே போதுமான மினுமினுப்பு வரும். கண்ணாடி மாதிரி வேண்டும் என்றால் முனையிலும் குதிகாலிலும் மட்டும், அதாவது மடங்காத இடத்தில் மட்டும், மெழுகு ஏற்றுங்கள். இரண்டு விரலில் துணியைச் சுற்றி, துளி மெழுகு, ஒரு சொட்டுத் தண்ணீர், சின்னச் சின்ன வட்டம். நடுவில் மங்கலாகத் தெரியும். அங்கேதான் பொறுமை போய் இன்னும் மெழுகை அள்ளுகிறார்கள். மெழுகு வேண்டாம், இன்னொரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தால் தெளிந்துவிடும்.

கூடைப்பந்து நடுவர்கள் பலர் போடுகிற பேடன்ட் லெதருக்கு, அதாவது கண்ணாடி மாதிரி மினுங்குகிற தோலுக்கு, இந்த பாலிஷ் முறை எதுவும் பொருந்தாது. மேலே இருப்பது பிளாஸ்டிக் பூச்சு, மெழுகு உள்ளே இறங்கவே இறங்காது, பிசுபிசுப்புதான் மிச்சம். ஈரத்துணி, இல்லையென்றால் கண்ணாடி துடைக்கிற திரவம் கொஞ்சம். நகப்பூச்சு நீக்குகிற அசிடோன் மட்டும் கூடவே கூடாது, பூச்சே கரைந்துவிடும். அச்சடித்த காகிதத்தில் சுற்றி வைத்தாலும் மை ஏறிக்கொள்ளும், பிறகு போகாது.

உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து பாலிஷ் போடாதீர்கள். மெழுகு சரியாக இறுகியிருக்காது, தூசி ஒட்டும், பேன்ட் விளிம்பில் கறை விழும், சோலின் அடியில் பட்டுவிட்டால் மரத்தளத்தில் வழுக்கவும் செய்யும். முந்தின இரவே முடித்துவிட்டு, அன்றைக்கு மென்மையான பிரஷால் ஒரு தேய். கிளம்புவதற்கு முன் லேஸையும் பாருங்கள், சாம்பல் நிறத்துக்கு வெளிறியிருந்தால் மாற்றிவிடுங்கள்.