‘நானாத்தான் விட்டனான்’ என்று எழுதிக் கொடுக்காதீங்கோ

பரந்தனில் இருந்து கிளிநொச்சி ரவுணுக்குக் கடை வேலைக்குப் போய்வந்த மச்சாளுக்கு ஒருநாள் இரவு போனில் மெசேஜ்: “நாளைக்கு வர வேண்டாம்.” ஆத்திரத்தில் அழித்துவிட்டாள். மூன்றாம் நாள் மிச்சச் சம்பளம் கேட்டுப் போனால், “இதில கையெழுத்து வைச்சால்தான் காசு” என்று ஒரு தாள். வைத்தாள். ஆங்கிலத்தில் அடித்திருந்த அது ராஜினாமாக் கடிதம்.

முதற்பிழை இதுதான், பெரும்பிழையும் இதுதான். நிறுத்தியதை முதலாளி ஒத்துக்கொண்டால், ஏன் நிறுத்தினார் என்று, வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கிற தொழில் நியாய சபையில் அவரே காரணம் காட்ட வேண்டும். “நான் நிறுத்தேல்லை, அவதான் வரேல்லை” என்றாரோ, நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். பயமுறுத்தி வாங்கிய கையெழுத்து என்று சொல்லலாம்தான், ஆனால் காட்டுவது பெரும்பாடு. மெசேஜைப் படம் பிடித்து வையுங்கள். வாயால் சொன்னால் மறுநாளும் வேலைக்குப் போங்கள். திருப்பி அனுப்பினால், “வந்தேன், அனுப்பிவிட்டீர்கள்” என்று பதிவுத் தபாலில் எழுதிப்போட்டு, தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது காலம். வேலை நின்ற நாளிலிருந்து 6 மாதத்துக்குள் அந்தச் சபையில் மனுப் போட வேண்டும். எங்கட சனம் முதலில் பொலிசுக்குப் போகும், பிறகு ஜீ.எஸ் (கிராம அலுவலர்), பிறகு கோயில் தலைவர். “ஐயா பேசி முடிச்சுத் தருவார்.” ஐயா பேசுகிறார் என்பதற்காக 6 மாதம் நிற்காது. மச்சாள் போனது ஏழாம் மாதம்.

சம்பளக் குறைவு வேறு வாசல். அதற்கும் ஓவர்டைமுக்கும் ஈ.பி.எஃப்.புக்கும் (ஊழியர் சேமலாப நிதி) தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். 2026 சனவரியிலிருந்து மாதச் சம்பளம் குறைந்தது 30,000 ரூபாய். “முதல் மூன்று மாதம் பழகிற காலம், ஈ.பி.எஃப். இல்லை” என்பது பச்சைப்பொய். முதல் நாளிலிருந்தே சம்பளத்தில் உங்கள் 8 வீதம், முதலாளியின் 12 வீதம், அதற்குமேல் முதலாளி கட்டும் ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். கழித்தால் கட்டியாயிற்று என்று நம்பாமல், கணக்கில் விழுந்ததா என்று பாருங்கள்.

5 வருடம் முடித்தவர், தானாக விலகினாலும் பணிக்கொடை (வேலை செய்த வருடங்களுக்கான மொத்தத் தொகை) கேட்கலாம். 15 பேருக்குக் குறைந்த கடை என்றால் அதற்கும் நியாய சபைதான்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம், சட்டத்தரணி தேவையில்லை. வந்த நேரம், போன நேரம் குறித்த ஒரு கொப்பி கையிலிருந்தால் போதும். மச்சாள் புதுக் கடையில் முதல் நாளே அதைத் தொடங்கிவிட்டாள், பால்கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில்.