அப்டேட் ஏறியதும் படுத்துக்கொண்ட மெயில்

போடியில் ஒரு ஏலக்காய் வியாபார அலுவலகத்தில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. ஒரு புதன்கிழமை காலை நான்கு மெஷினிலும் மெயில் புரோகிராம் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியில் அன்றைக்கு ஏலம். "என்னப்பா, வைரஸா?" என்று முதலாளி இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

பிரவுசர் வழியாக மெயிலுக்குள் போய்ப் பார்த்தேன். எல்லாம் பத்திரம், மெயில்கள் சர்வரில்தானே இருக்கின்றன. அவசர இன்வாய்ஸ்களை அங்கிருந்தே அனுப்பிவிட்டு நிதானமாக உட்கார்ந்தேன். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டே மெயில் புரோகிராமை சேஃப் மோடில், அதாவது ஆட்-இன் என்கிற கூடுதல் ஒட்டு புரோகிராம்கள் இல்லாமல், திறந்தேன். அப்போதும் மூடியது. சரி, ஆட்-இன் மேல் பழி இல்லை. ஒரு மெஷினில் புரொஃபைலை (மெயில் கணக்கின் செட்டிங்ஸ்) அழித்து மறுபடி போட்டதில் ஒரு மணி நேரம் வீண். (அதை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள்.)

அப்புறம்தான் அப்டேட் ஹிஸ்டரியைப் பார்க்கத் தோன்றியது. நான்கிலும் முந்தின இரவு ஒரே அப்டேட், ஒரே எண். குமுளிக் கிளையின் பழைய லேப்டாப்பில் மட்டும் மெயில் ஓடியது. அதில் அது இன்னும் ஏறவில்லை! எங்கள் மெஷின்களில் அதை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தேன், மெயில் திறந்தது. அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்திவைத்தேன். அதற்கு மேல் நிறுத்தினால் பாதுகாப்பு ஓட்டைகள் திறந்தே கிடக்கும். திருத்திய அப்டேட் வந்ததும் முதலில் என் மெஷினில் மட்டும் போட்டுப் பார்த்தேன்.