கார்ட்டூன் பொம்மையும் புத்தகப் பையும் வாங்குமுன்: கறுப்பினக் கதாபாத்திரம் ஒப்புக்கு நிற்கிறதா?

திருகோணமலைக் கடைத்தெருவில் பிள்ளைக்குப் புத்தகப் பையோ தண்ணீர்ப் போத்தலோ தேடும் பெற்றோர், அதில் அச்சிட்டிருக்கும் கார்ட்டூன் முகங்களின் நிறத்தை எண்ணிப் பார்த்துத் திருப்தியடைந்துவிடக் கூடாது. மூன்று வெள்ளை முகங்களுக்கு அருகே ஒரு கறுப்பு முகம் இருந்தால், அந்த ஒருத்திக்குக் கதையில் என்ன வேலை என்பதே முதலில் கேட்க வேண்டியது.

ஆகவே அந்தக் கார்ட்டூனின் ஒரு பகுதியையாவது பிள்ளையோடு இருந்து பாருங்கள். அவளுக்குப் பெயரும் வீடும் தாய்தகப்பனும் உண்டா, தானாக விரும்பி எதையாவது செய்கிறாளா, பிழை விடவும் கோபிக்கவும் அவளுக்கு இடமிருக்கிறதா என்று கவனியுங்கள். நாயகிக்குப் புத்தி சொல்வதும் பகிடி விடுவதும் மட்டுமே அவள் வேலையென்றால், அவள் ஒப்புக்குச் சேர்க்கப்பட்டவள். நாயகியே கறுப்பினத்தவள் என்றாலும் பார்வையைத் தளர்த்த வேண்டாம்: 2009 இல் டிஸ்னியின் முதலாவது கறுப்பின இளவரசியாக வந்த தியானா, படத்தின் பெரும்பகுதியில் தவளையாகவே திரிகிறாள். 2012 இல் தொடங்கிய 'டொக் மக்ஸ்டஃபின்ஸ்' தொடரிலோ, கறுப்பினச் சிறுமி பொம்மைகளுக்கு வைத்தியம் பார்க்கிறாள், தாயும் வைத்தியர். அவளுடைய நிறம் யாருக்கும் பாடமாக்கப்படுவதில்லை.

பொம்மையைக் கையில் எடுத்தால் மூக்கையும் உதட்டையும் தலைமயிரையும் பாருங்கள். வெள்ளைப் பொம்மையின் அச்சிலேயே மண்ணிறம் பூசி விற்பது பழைய வழக்கம். 1967 இல் பார்பி வரிசையில் வந்த கறுப்பு ஃபிரான்சி அப்படித்தான் செய்யப்பட்டாள். அடுத்த ஆண்டு கிறிஸ்டி என்ற கறுப்புப் பொம்மை பார்பியின் தோழியாக வந்தாள். பார்பி என்ற பெயரையே தாங்கிய கறுப்புப் பொம்மைக்கு 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திரையில் ஐவர் இருக்கப் பையில் நால்வர்தான் என்றால், விடுபட்டவர் யாரென்று பாருங்கள். நிறம் வெளிறியிருக்கிறதா என்பதும் முக்கியம்: 2018 இல் வெளிவந்த ஒரு படத்துக்காகத் தியானாவை நிறம் குறைத்து மூக்கையும் ஒடுக்கி வரைந்ததற்கு எதிர்ப்பு எழுந்தபின், டிஸ்னி அவளைத் திருத்தி வரைந்தது. ஆனால் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழிக் கடைகளில் தொங்கும் மலிவுப் பொருளை வைத்து நிறுவனத்தைத் தீர்ப்பிட வேண்டாம். போலி அச்சில் மை வெளிறுவது சாதாரணம்.

முன்பள்ளி ஆசிரியைகளுக்கும் இதில் வேலையுண்டு. பொட்டு வைத்த பிள்ளையும் முக்காடிட்ட பிள்ளையும் கைகோத்து நிற்கும் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, கலைவிழாவில் இளவரசி வேடத்தை நிறமான பிள்ளைக்கும் அரக்கி வேடத்தைக் கறுத்த பிள்ளைக்கும் கொடுத்தால், அந்தப் படமும் ஒப்புக்குத்தான். வேடங்களைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். மனித முகம் வரையும்போது இளஞ்சிவப்புப் பஸ்டலை நீட்டாமல், மண்ணிறத்தோடு செம்மஞ்சளைக் கலந்து தன் கையின் நிறத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்க விடுங்கள்.

கடையில் எல்லாம் ஒரே அச்சாகவே இருந்தால், படமில்லாத பையை வாங்கி, துணிக்குப் பூசும் வர்ணத்தால் தனக்குப் பிடித்த பாத்திரத்தைப் பிள்ளையையே வரையச் சொல்லலாம்.