டயர் மாற்றியதும் எரியும் மஞ்சள் விளக்கு

கனடாவில் வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் வீட்டிலேயே குளிர்காலச் சக்கரங்களை மாட்டுகிறீர்களா? பிறகு டாஷ்போர்டில் டயர் காற்றழுத்தத்துக்கான மஞ்சள் விளக்கு எரிந்தால், எப்படி எரிகிறது என்று கவனியுங்கள். வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம்போல் மினுக்கிவிட்டு நிலைத்தால், பெரும்பாலும் அந்தச் சக்கரங்களில் காற்றழுத்த சென்சார் இல்லை, அல்லது வண்டி அதை இன்னும் அடையாளம் காணவில்லை. சில வண்டிகள் சிறிது தூரம் ஓடியதும் தாமே கண்டுகொள்ளும். சிலவற்றுக்குத் தனிக் கருவி வேண்டும். பழகிவிட்டது என்று அந்த விளக்கோடு பனிக்காலம் முழுவதும் ஓட்டாதீர்கள், உண்மையிலேயே காற்று இறங்கினால் தெரியாது.

மினுக்காமல் எரிந்தால் காற்றுக் குறைவு. 5, 6 டிகிரி குளிர் கூடினாலே டயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) இறங்கும். ஓட்டுமுன், ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள அளவுக்கு நிரப்புங்கள். 100 கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் கருவி) மறுபடி சோதித்துவிடுங்கள்.