காப்பகத்துக்குப் போகிறீர்களா? சோற்றுப் பார்சலை வைத்துவிட்டுப் பேனையை எடுங்கள்

முதல் தடவை நாங்கள் செய்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்களும் அதையே செய்யாமல் இருப்பதற்காக. ஒரு போயா நாளில், வீடில்லாதவர்கள் தங்கும் இல்லம் ஒன்றுக்கு நாற்பது சோற்றுப் பார்சலோடு கம்பஸிலிருந்து போய் இறங்கினோம். அங்கே ஏற்கனவே ஒரு பிறந்தநாள் சாப்பாடு, ஒரு திவசச் சாப்பாடு, போதாததற்கு யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில் புரியாணி வேறு. பொறுப்பாக இருந்த அம்மா சிரித்துக்கொண்டே, "தம்பி, செவ்வாய்க்கிழமையில வாறதுக்குத்தான் ஆளில்லை" என்றார்.

அதனால் முதலில் வெறுங்கையோடு போய்க் கேளுங்கள். சாப்பாடு தருபவர்களின் பெயரும் திகதியும் அநேகமாக ஒரு கொப்பியிலோ சுவரில் தொங்கும் கலண்டரிலோ எழுதியிருக்கும். வெறுமையாகக் கிடக்கும் நாட்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஒன்றை விடாமல் பிடியுங்கள்.

அப்புறம் பல்கலைக்கழகத்தின் சம்மதக் கடிதம். முன்பு யாழ். பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த பம்பைமடு வளாகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் என்று தனியாகிவிட்டது, ஆகவே கையெழுத்துக்கு யாழ்ப்பாணம் வரை ஓடத் தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருப்பவர்கள் யாழ். பல்கலைக்கழகத்துப் பீடங்கள், அங்கே பீடாதிபதியிடம் தொடங்குங்கள், கடிதம் திருநெல்வேலிக்குப் போய்த் திரும்பவும் கூடும், பொறுமை வேண்டும். ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும்: எந்தக் கிழமை, எத்தனை மணி, பொறுப்பான விரிவுரையாளர் யார், மாணவர் இருவர் யார், இல்லத்தில் யாரிடம் கேட்டுச் செய்வது. பொன்னாடை போர்த்திப் படம் எடுக்கும் விழாவை ஒரு வருடம் கழித்து வைத்தால் என்ன குறைந்துவிடும்?

படித்ததையே கொண்டு போங்கள். வணிகக் கற்கைகள் படிக்கும் பிள்ளைகள், இல்லத்தின் வரவு செலவுக் கொப்பியைச் சீராக்கலாம். அறிவியல் நகர் பொறியியல் பெடியள் மாரி தொடங்க முன்னம், அதாவது ஒக்டோபருக்குள், கூரையையும் கிணற்று மோட்டாரையும் பார்த்துக் கொடுக்கலாம், விவசாய பீடம் இருக்கவே இருக்கிறது கத்தரிக்கும் வெண்டிக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை அடையாள அட்டைதான். 2009-இல் போர் முடியும்போது உடுத்த துணியோடு வந்தவர்கள், மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் ஒரு கூடாரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியதில் பையைத் தொலைத்தவர்கள் என்று இங்கே கடதாசி இல்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அட்டை இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு இல்லை, அஸ்வெசும போன்ற அரசாங்கக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிப்பதும் பெரும் இழுபறி.

இல்லம் இருக்கும் பிரிவின் ஜீஎஸ்ஸை (கிராம அலுவலர், வயதானவர்கள் இன்னும் விதானை என்றுதான் சொல்வார்கள்) முதலில் போய்ப் பாருங்கள், ஏனென்றால் அந்த ஆள் அங்கேதான் வசிக்கிறார் என்று உறுதிப்படுத்த வேண்டியவர் அவர். தொலைந்த அட்டை என்றால் பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியை எடுங்கள். பிறப்புச் சான்றிதழும் இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவு, அங்கே தேடியும் பதிவு கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

தேடுவதற்குப் பிறந்த திகதி வேண்டுமே, அதுதான் பலருக்கு நினைவில் இருக்காது. ஆனால் பழைய அட்டை இலக்கம் சிலருக்கு மனப்பாடம், அல்லது ஒரு கிளினிக் கொப்பியின் மட்டையில் கிடக்கும். பழைய இலக்கத்தின் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 52532 என்று தொடங்கினால் அந்த அம்மா 1952 பெப்ரவரி 1 பிறந்தவர். ஒரு கவனம்: எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் வைத்துத்தான் இந்தக் கணக்கு, அதை மறந்தால் ஒரு நாள் பிசகிவிடும்.

இதற்காகக் கதை கேட்கும்போது விசாரணை மாதிரிக் கேட்காதீர்கள். எந்த ஊர், எந்தக் கோயிலடி, எந்தக் குளத்துக்குக் கீழே வயல் என்று பேச்சுக்கொடுத்தாலே பாதி வந்துவிடும். பிள்ளைகள் எங்கே என்று நீங்களாகக் கேட்க வேண்டாம். படமும் வேண்டாம். அவரே கேட்டால் எடுங்கள், அவருக்கே பிரதி போட்டுக் கொடுங்கள். முகநூலுக்கு அல்ல. கடதாசிகளின் பிரதியை உங்கள் போனில் வைத்துக்கொள்ளாமல் இல்லத்துக் கோப்பிலேயே போட்டுவிடுங்கள்.

கடைசியாக, இந்த வேலை எல்லாம் எங்கே குலைகிறது என்றால் பரீட்சையில். மூன்றாம் வருடம் போகும் இடத்துக்கு முதலாம் வருடத்தில் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போய்ப் பழக்குங்கள், யாருடைய விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதிக் கைமாற்றுங்கள். பரீட்சைத் திகதிகளை இல்லத்துக் கலண்டரிலும் குறித்துவிடுங்கள். அப்படியும் ஒரு செவ்வாய்க்கிழமை வர முடியாமல் போனால் முதல் நாளே போன் எடுத்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மணிக்கே சேட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் கதிரை போட்டு இருந்துவிடுவார்கள்.