வெள்ளைப் பறவை தெரிந்தால் முதலில் கண்மணியைப் பாருங்கள்

"அல்பினோ காகம் பார்த்தேன்" என்று யாராவது படம் அனுப்பினால் நான் கேட்கும் முதல் கேள்வி, கண் என்ன நிறம் என்பதுதான். பதினைந்து வருடமாகப் பறவை பார்க்கிறேன். வழக்கத்துக்கு மாறாக வெளுத்த பறவைகள் என்று என் குறிப்பேட்டில் இருபதுக்கு மேல் பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் உண்மையான அல்பினோ, அதாவது பிறவியிலேயே கறுப்பு நிறமி அறவே இல்லாத பறவை, ஒன்றே ஒன்று.

கண்ணுக்குப் போகும் முன், அந்தப் பறவை இயல்பிலேயே வெள்ளையா என்று பார்த்துவிடுங்கள். குளத்துக் கொக்கு உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம், எழுந்து பறந்தால் வெள்ளை. அரசவால் ஈப்பிடிப்பானில் வளர்ந்த ஆண் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், தலை மட்டும் கறுப்பு. வளர்ப்புப் புறாவும் பலரை ஏமாற்றும். நிறம் போனாலும் உருவம் போகாது. அலகின் வடிவம், வால் நீளம், நடை, குரல், யாரோடு சேர்ந்து மேய்கிறது என்பதையெல்லாம் வைத்து இனத்தை முடிவு செய்யுங்கள்.

சரி, இப்போது கண். அல்பினோவுக்கு, கறுப்பும் பழுப்பும் தரும் மெலனின் நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதி வேலை செய்யாது. அதனால் இறகு, தோல், கண் எதிலும் மெலனின் இருக்காது. உள்ளே ஓடும் ரத்தம்தான் கண்ணில் சிவப்பாகத் தெரிகிறது. ஆனால் கண் சிவப்பு என்பது மட்டும் போதாது. குயிலுக்கும் செண்பகத்துக்கும் இயல்பிலேயே கண் சிவப்புதான், நடுவில் இருக்கும் கண்மணி மட்டும் கறுப்பு. அந்தக் கண்மணியும் சிவந்திருந்தால்தான் அல்பினோ என்று யோசிக்க வேண்டும். கண்மணி கறுப்பாக இருந்தால் உடம்பு முழுக்கப் பால் வெள்ளையாக இருந்தாலும் அது அல்பினோ இல்லை. வெள்ளை மயில் அப்படித்தான். அங்கங்கே வெள்ளை இருந்தால் சிலர் 'பாதி அல்பினோ' என்பார்கள், அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

நான் பார்த்த அந்த ஒரே அல்பினோ ஒரு சிட்டுக்குருவிக் குஞ்சு. அலகும் காலும் இளஞ்சிவப்பு. வெயிலில் கண்ணைப் பாதி மூடியே வைத்திருந்தது. தாய் இரையோடு கிளைக்கு வந்த பிறகும் இதற்குத் தெரியவில்லை, பக்கத்தில் வந்து குரல் கொடுத்த பிறகுதான் வாயைத் திறந்தது. மூன்று காலை பார்த்தேன், நாலாவது நாள் காணோம். அல்பினோவுக்குப் பார்வை மங்கல். கூட்டை விட்டு வெளியே வந்த கொஞ்ச நாளிலேயே பெரும்பாலானவை மடிந்துவிடுகின்றன. ஆகவே, வளர்ந்த பறவையை அல்பினோ என்று சொல்லும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

கண் கறுப்பு, உடம்பில் அங்கங்கே வெள்ளை என்றால்? இங்கேதான் பொறுமை வேண்டும். பிறவியிலேயே சில இடங்களில் நிறமி செல்கள் இல்லாமல் போவது லூசிசம். வெள்ளைத் திட்டு பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒத்திருக்கும், ஆயுள் முழுக்க அப்படியே நிற்கும். இன்னொன்று நரைத்தல். பிறக்கும்போது சரியாக இருந்த பறவை, ஒவ்வொரு முறை இறகு உதிர்த்து முளைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். பிரிட்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பறவைத் தொகுப்பைக் கவனித்துவரும் ஹைன் வான் க்ரௌ, லூசிசம் என்று பலர் சொல்வது பெரும்பாலும் இந்த நரைத்தல்தான் என்று எழுதியிருக்கிறார்.

என் அனுபவமும் அதுவே. வலது காலில் ஒரு விரல் இல்லாத காகம் ஒன்றை நாலு வருடமாகத் தொடர்ந்து பார்க்கிறேன். முதல் வருடம் இடது இறக்கையில் ஒரே ஒரு வெள்ளை இறகு. அடுத்த உதிர்ப்புக்குப் பிறகு அங்கே மூன்று, பிடரியில் இரண்டு. போன வருடம் வலது இறக்கையிலும் மூன்று வந்துவிட்டது. முதல் வருடப் படத்தை மட்டும் வைத்து லூசிசம் என்று எழுதியிருந்தேன், அடித்துத் திருத்தினேன். சத்துக் குறைவாலும் காகத்தின் இறக்கையில் வெள்ளைப் பட்டைகள் வரும். நல்ல இரை கிடைத்தால் அடுத்த உதிர்ப்பில் கறுப்பு திரும்பிவிடும். ஒரே ஒரு நாள் பார்த்து இவற்றைப் பிரிப்பது கடினம்.

முழுதும் வெளிறி, பழுப்போ சாம்பலோ கலந்த மாதிரி இருந்தால் அது வேறு கதை. கறுப்பு மெலனின் சரியாக உருவாகாத பறவையின் இறகு முதலில் பழுப்பாக இருந்து, வெயிலில் வெளுத்து வெளுத்து வெள்ளைக்குப் பக்கத்தில் வந்துவிடும். இறக்கையை விரிக்கும்போது கவனியுங்கள். மற்ற இறகு மூடி வெயில் படாத பகுதியில் பழைய பழுப்பு ஒளிந்திருக்கும்.

மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் மெலனின் இல்லாத வேறு நிறமிகளால் வருபவை. அதனால் வெளுத்த மைனாவுக்கும் அலகு மஞ்சளாகவே இருக்கும். வெளுத்த கொண்டைக்குருவியின் வாலடியில் சிவப்பு இருக்கும். மெலனின் இல்லாத பச்சைக்கிளி மஞ்சளாகத் தெரியுமே தவிர வெள்ளையாகாது.

படம் எடுக்கும்போது எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெளிர் பழுப்புகூட வெள்ளையாக எரிந்துவிடும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பறவைக்கும் தொந்தரவு, கண்ணும் பொய்ச் சிவப்பாக விழும். இடது, வலது, பறக்கும் நிலை மூன்றும் எடுங்கள். கூடு இருக்கும் இடத்தை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். அபூர்வமான வெள்ளைப் பறவை என்றால் பிடித்துப்போக ஆள் வரும்.

காரணம் உறுதியாகாவிட்டால் 'வலது இறக்கையில் மூன்று வெள்ளை இறகு, கண் கறுப்பு' என்று பார்த்ததை மட்டும் தேதியோடு எழுதிவைத்து, அடுத்த உதிர்ப்புக்குப் பிறகு மறுபடியும் போய்ப் பாருங்கள். என் காகத்துக்கு இந்த வருட உதிர்ப்பு இன்னும் முடியவில்லை. வலது இறக்கையில் நாலாவது இறகு பாதி வளர்ந்திருக்கிறது, அதுவும் வெள்ளையாகத்தான் வருகிறது.